சேலத்தில் ஊடகவியல் படிக்க வருகிறவர்களுக்கு

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் என்னிடம் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். விஸ்காம் எடுக்கலாமா, இதழியல் எடுக்கலாமா? சேலத்திலேயே படித்தால் போதுமா, சென்னைக்குப் போகவேண்டுமா? இப்போதே கேமரா வாங்கவேண்டுமா? மூன்றாவது கேள்வியைக் கேட்பவர் அநேகமாக அப்பாவாக இருப்பார். குரலிலேயே கவலை தெரியும்.

சேலத்தில் தாராளமாகப் படிக்கலாம். கேமரா இப்போது வேண்டாம். இந்தப் படிப்பில் பாதி வகுப்பறையில் கிடைக்கும், மீதிப் பாதி ஊரில் கிடைக்கும். அந்த மீதிப் பாதிக்குச் சேலத்தைப்போல வசதியான ஊர் குறைவு என்பது என் உறுதியான எண்ணம். விசைத்தறி, வெள்ளிக் கொலுசு, ஜவ்வரிசி ஆலை, உருக்காலை, மேட்டூர் அணை, காப்பித் தோட்டம் எல்லாம் பஸ் போகும் தூரத்தில் இருக்கின்றன. இவற்றைப் பற்றி எழுதவும் படம் எடுக்கவும் ஆட்கள் போதவில்லை. நீங்கள் அந்த ஆளாக வேண்டும். அதற்கான வழியை வரிசையாகச் சொல்கிறேன்.

பாடப்பிரிவைத் தேர்ந்தெடுப்பது

விஸ்காம் என்று எல்லோரும் சொல்லும் காட்சித் தொடர்பியல் பெரும்பாலும் பி.எஸ்சி. பட்டமாக இருக்கும். மூன்று ஆண்டுப் படிப்பு. ஓவியம், வடிவமைப்பு, புகைப்படம், விளம்பரம், வீடியோ, படத்தொகுப்பு ஆகியவை அதில் முக்கியம். இதழியல் மற்றும் மக்கள் தொடர்பியல் என்றால் செய்தி சேகரிப்பு, எழுத்து, செம்மையாக்கம், ஊடகச் சட்டம், தகவல் தொடர்புக் கோட்பாடுகள், வானொலி, தொலைக்காட்சி என்று போகும். இரண்டிலும் பொதுவான தாள்கள் நிறைய உண்டு. கையில் பென்சிலோ கேமராவோ இருந்தால் பொழுது போவதே தெரியாது என்கிறவர்களுக்கு விஸ்காம் பொருந்தும். யாராவது ஒன்று சொன்னால் 'அப்படியா, யார் சொன்னது?' என்று துருவுகிற புத்தி உள்ளவர்களுக்கு இதழியல் பொருந்தும்.

இங்கே இளநிலையில் உங்கள் கண்ணில் அதிகம் படுவது விஸ்காம்தான். முதுநிலையில், கருப்பூர் அருகே பெங்களூர் நெடுஞ்சாலையில் உள்ள பெரியார் பல்கலைக்கழக வளாகத்தில் இதழியல் மற்றும் மக்கள் தொடர்பியல் துறை இருக்கிறது. 1997-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் இது. சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு மாவட்டக் கல்லூரிகள் இதன்கீழ் வருகின்றன. நீங்கள் சேரும் கல்லூரி தன்னாட்சி பெற்றதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தன்னாட்சிக் கல்லூரி தானே பாடத்திட்டம் வகுத்துத் தானே தேர்வு நடத்தும். மற்றக் கல்லூரிகளில் பல்கலைக்கழகப் பாடத்திட்டம். எந்தப் பாடத்திட்டமாக இருந்தாலும் சேரும் முன்பே அதை வாங்கி ஆறு பருவத்தையும் புரட்டிப் பாருங்கள். ஏதாவது ஒரு பருவத்தில் செய்முறைத் தாள் இல்லாமல் போகிறதா, சட்டமும் நெறிமுறையும் எங்கே வருகிறது என்று கவனியுங்கள்.

இன்னொரு பாதையும் உண்டு. அதைப் பலர் யோசிப்பதே இல்லை. இதழியல் எம்.ஏ.வுக்குப் பொதுவாக எந்த இளநிலைப் பட்டமும் போதும். எனவே பொருளாதாரமோ வரலாறோ தமிழோ மூன்று ஆண்டு படித்துவிட்டு முதுநிலையில் ஊடகத்துக்கு வரலாம். மரவள்ளி விலை ஏன் சரிந்தது என்று எழுத உட்காரும்போது பொருளாதாரம் படித்தவருக்கு இருக்கும் பிடிப்பு மற்றவர்களுக்கு எளிதில் வருவதில்லை. நிருபராவது மட்டுமே குறிக்கோள் என்றால் இந்தப் பாதையையே நான் முதலில் சொல்வேன்.

கல்லூரியைப் பார்க்கும் விதம்

விளம்பரப் பலகையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வேலை நாள் ஒன்றில் அப்பா அம்மாவுடன் நேரில் போங்கள். ஸ்டூடியோவைத் திறந்து காட்டுவார்கள், விளக்கைப் போடுவார்கள், பச்சைத் திரை இருக்கும். அதையெல்லாம் பார்த்த பிறகு கேமரா வெளியே கொடுக்கும் பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். எந்தத் தேதியில் எந்த மாணவர் கேமராவை எடுத்துப் போனார், எப்போது திருப்பிக் கொடுத்தார் என்று அதில் கையெழுத்துடன் இருக்கவேண்டும். பக்கம் நிறைந்திருந்தால் அங்கே வேலை நடக்கிறது. பதிவேடே இல்லையென்றால் கேமரா அலமாரியில்தான் இருக்கிறது.

அடுத்து மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் பேசுங்கள். கல்லூரி வாசலில் இருக்கும் டீக்கடையில் நின்றாலே கிடைப்பார்கள். கடைசியாக எப்போது வெளியே போய்ப் படம் எடுத்தீர்கள், மாணவர் இதழ் வருகிறதா, படத்தொகுப்பு கணினியில் எத்தனை பேர் சேர்ந்து உட்காருகிறீர்கள் என்று கேளுங்கள். ஆசிரியர்களில் யாராவது பத்திரிகையிலோ தொலைக்காட்சியிலோ வேலை பார்த்தவரா என்றும் தெரிந்துகொள்ளுங்கள். கட்டணத்தைப் பொறுத்தவரை, கல்விக் கட்டணத்தோடு ஆய்வகக் கட்டணம், கல்விச் சுற்றுலா, குறும்படச் செலவு எல்லாவற்றையும் சேர்த்து எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இந்தப் படிப்பில் நடு ஆண்டில் வரும் செலவுதான் குடும்பங்களைத் திணற வைக்கிறது.

சான்றிதழ்களும் உதவித்தொகையும்

அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளுக்கு மாநில அரசின் இணையதளத்தில் விண்ணப்பிக்கவேண்டும். தனியார் கல்லூரிகளுக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார் ஆகியவற்றைத் தேர்வு முடிவுக்கு முன்பே எடுத்து வைத்துவிடுங்கள். மதிப்பெண் சான்றிதழையும் மாற்றுச் சான்றிதழையும் முடிவு வந்த பிறகு பள்ளியில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டு மலைக் கிராமங்களில் இருந்து வரும் பிள்ளைகளுக்கு ஒரு தனிக் குறிப்பு. பழங்குடியினர் சாதிச் சான்றிதழை வருவாய்க் கோட்டாட்சியர் நிலையில்தான் வழங்குவார்கள். தாசில்தார் அலுவலகத்தோடு முடிகிற வேலை அல்ல என்பதால் நாள் பிடிக்கும். தேர்வு எழுதிய கையோடு விண்ணப்பித்துவிட்டால் சேர்க்கை நேரத்தில் அலைச்சல் இருக்காது. கடைசி பஸ்ஸை நம்பி மலைக்கும் சமவெளிக்கும் தினமும் போய்வருவது இந்தப் படிப்புக்கு ஒத்துவராது. மாலை நிகழ்ச்சிகளையும் படத்தொகுப்பு வேலையையும் விட்டுவிட்டு ஓட வேண்டியிருக்கும். அரசு நல விடுதிக்குச் சேர்க்கையின்போதே விண்ணப்பியுங்கள்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. கல்லூரி அலுவலகத்தில் கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். களத்துக்குப் போய்வரும் பஸ் செலவுக்கு அந்தத் தொகை பெரிய துணை.

முதல் பருவம்: தமிழும் தட்டச்சும்

முதல் பருவத்தில் எல்லோருக்கும் கேமரா மீதுதான் கண். நான் தமிழைச் சொல்வேன். பகுதி ஒன்றில் வரும் தமிழ்த் தாளைத் தேர்ச்சி பெற்றால் போதும் என்று நினைக்கிறவர்கள், மூன்றாம் ஆண்டில் ஒரு பத்தி பிழையில்லாமல் எழுத முடியாமல் தவிக்கிறார்கள். தொலைக்காட்சியில் திரைக்குக் கீழே ஓடும் வரியை எழுதுவதற்கும், வீடியோவுக்குத் தலைப்பு வைப்பதற்கும், வானொலிக்குக் குரல் கொடுப்பதற்கும் அதே தமிழ்தான் வேண்டும்.

தினமும் காலையில் ஒரே செய்தியை இரண்டு நாளிதழ்களில் படியுங்கள். வாங்க வசதியில்லையென்றால் நூலகத்தில் கிடைக்கும். எந்தத் தகவல் ஒன்றில் இருக்கிறது, மற்றதில் இல்லை, யாருடைய கருத்தைக் கேட்கவே இல்லை என்று நோட்டில் குறியுங்கள். ஒரு மாதம் இப்படிச் செய்தால் செய்தி எப்படிக் கட்டப்படுகிறது என்பது பாடப்புத்தகம் இல்லாமலே பிடிபடும்.

தட்டச்சுக்குத் தமிழ் 99 விசைப்பலகையைப் பழகுங்கள். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றும் முறை அப்போதைக்கு எளிதாகத் தோன்றும். ஆனால் இரவு பதிப்பு முடியப் போகிற நேரத்தில் வேகம் வராது. யூனிகோடு எழுத்துருவில் அடிக்கப் பழகினால் அச்சு, இணையம், செல்போன் எல்லாவற்றுக்கும் அது போதும். பழைய எழுத்துருக்களில் இருக்கும் கோப்புகளை மாற்றத் தெரிந்துகொள்வதும் நல்லது. சில அலுவலகங்களில் இன்னும் அவை புழங்குகின்றன.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகம்

செய்தி எழுதப் பழக இந்த ஊரில் மிகச் சிறந்த இடம் எது என்று கேட்டால் நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். வாரந்தோறும் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கிறது. ஆத்தூரிலிருந்தும் எடப்பாடியிலிருந்தும் கொளத்தூரிலிருந்தும் காலையிலேயே பஸ் ஏறி வந்து, மனுவை பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். பட்டா, முதியோர் உதவித்தொகை, வழித்தடத் தகராறு, குடிநீர் என்று மாவட்டத்தின் முழு வாழ்க்கையும் அந்த வரிசையில் இருக்கும். வகுப்பு இல்லாத ஒரு திங்கட்கிழமை துறைத் தலைவரிடம் சொல்லிவிட்டு, அடையாள அட்டையுடன் போங்கள். பை சோதனை இருக்கும், பொறுமையாக ஒத்துழையுங்கள்.

ஒரு கிராமத்துப் பெண்கள் காலிக் குடங்களோடு வந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாண்டு மாணவர் எழுதும் முதல் வரி இப்படி இருக்கும்: 'சேலம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் வாரந்தோறும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடைபெறுவது வழக்கம்.' இதில் பிழை ஏதும் இல்லை, செய்தியும் இல்லை. அதையே இப்படித் தொடங்கலாம்: 'தெருக் குழாயில் பதினைந்து நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று கூறி, காலிக் குடங்களுடன் வந்த பெண்கள் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு அளித்தனர்.' என்ன நடந்தது, யாருக்கு, எங்கே, எப்போது என்பது ஒரே மூச்சில் வந்துவிட்டது.

அதோடு விட்டுவிட்டால் அது மனுவின் நகல்தான். வந்த பெண்ணிடம், இந்தப் பதினைந்து நாளும் தண்ணீருக்கு எங்கே போனீர்கள், ஒரு குடம் என்ன விலை, வேலைக்குப் போக முடிந்ததா என்று கேளுங்கள். பிறகு ஊராட்சி அலுவலகத்துக்கோ வட்டார வளர்ச்சி அலுவலருக்கோ போன் செய்து, மோட்டார் பழுதா, குழாய் உடைப்பா, கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் அளவு குறைந்ததா என்று விசாரியுங்கள். பதில் சொல்ல மறுத்தால், கேட்டோம், பதில் தரவில்லை என்று எழுதுங்கள். மனு கொடுத்தவருக்குத் தரும் ஒப்புகைச் சீட்டின் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, சில வாரம் கழித்து அதே ஊருக்குப் போய்ப் பாருங்கள். தண்ணீர் வந்ததா என்று திரும்பிப் போய்ப் பார்க்கிற நிருபரைக் கிராமம் மறக்காது. பத்திரிகைத் தொழிலில் நம்பிக்கை என்பது இப்படித்தான் சேர்கிறது.

அந்த வளாகத்தில் யாராவது மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொள்ள முயலும் நிலையும் ஏற்படலாம். செல்போனை எடுக்காதீர்கள், போலீசாரைக் கூப்பிடுங்கள். எழுதும்போது முறையை விவரிக்காமல், காரணத்தை ஒற்றை வரியில் சுருக்காமல் எழுதவேண்டும். செய்தியின் அடியில் 104, 14416 ஆகிய உதவி எண்களைப் போடவேண்டும்.

கேமராவும் சத்தமும்: ஒரு தறிக்கூடப் பாடம்

இரண்டாம் ஆண்டில் வீடியோ வரும். அதற்கும் புதுக் கேமரா தேவையில்லை. கல்லூரியில் இருக்கும் கேமராவும் உங்கள் செல்போனும் போதும். முதலில் பணம் போட வேண்டிய பொருள் சட்டையில் குத்தும் சிறு மைக், அடுத்து கேமராவை நிறுத்த ஒரு முக்காலி (ட்ரைபாட்). படம் சற்று மங்கலாக இருந்தாலும் பார்ப்பார்கள், பேச்சு கேட்கவில்லையென்றால் அடுத்த நொடி நகர்ந்துவிடுவார்கள்.

அம்மாப்பேட்டைப் பக்கம் விசைத்தறிக் கூடத்தில் ஒருவரைப் பேட்டி எடுங்கள். இதைவிடக் கடினமான ஒலிப்பதிவுப் பயிற்சி கிடையாது. கூடத்துக்குள் நுழைந்தவுடன் தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. முதல் வேலையாக, தறி ஓடும் சத்தத்தை மட்டும் ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். தொகுக்கும்போது காட்சிக்கு அடியில் போட உதவும். பேட்டியைக் கூடத்துக்குள் எடுக்காதீர்கள். தறியை நிறுத்தச் சொல்லவும் கூடாது. நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அவருக்குக் கூலி இழப்பு. அவர் சாப்பாட்டுக்கு வெளியே வரும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு, பக்கத்து அறையிலோ திண்ணையிலோ உட்காரவையுங்கள். செல்போனை விமானப் பயன்முறையில் போடுங்கள். மைக்கை மார்பு மட்டத்தில் குத்துங்கள், சேலையோ துண்டோ உரசாமல் பாருங்கள். காதில் ஹெட்போன் போட்டுக் கேட்டுக்கொண்டேதான் பதிவு செய்யவேண்டும்.

கூடத்துக்குள் டியூப் லைட் வெளிச்சம்தான் இருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் வருகிறது. நொடிக்கு 30 படம் என்று செல்போனில் எடுத்தால் காட்சியில் கருப்புப் பட்டை ஓடும், அல்லது விளக்கு மினுக்கும். நொடிக்கு 25 படம், ஷட்டர் நொடியில் 50-இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் அந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஒவ்வொரு ஷாட்டையும் பத்து நொடி அசையாமல் பிடியுங்கள். தறி முழுவதும், குறுக்கு இழையைக் கொண்டுபோகும் நாடா ஓடும் இடம், அறுந்த இழையை முடிச்சுப் போடும் விரல்கள், அவர் முகம், சுவரில் மாட்டிய காலண்டர் என்று தூரமும் நெருக்கமும் மாற்றி மாற்றி எடுத்தால் தொகுப்பு மேசையில் திண்டாட வேண்டியிருக்காது.

எடுத்து முடித்து வெளிவந்ததும் படத்தை அவருக்கு அனுப்புங்கள். இதை நான் மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன். நேரம் கொடுத்தவருக்கு வேலையைக் காட்டாமல் மதிப்பெண் வாங்கிப் போவது மரியாதை இல்லை.

சினிமா மீது நாட்டம் உள்ளவர்கள் ஏற்காடு சாலையில் இருக்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் முகப்பு வளைவை ஒருமுறை நின்று பாருங்கள். டி.ஆர். சுந்தரம் 1930-களில் நிறுவிய ஸ்டூடியோ அது. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938-இல் அந்த நிறுவனத் தயாரிப்பாக வந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இல் வந்ததும் அங்கிருந்தே. அங்கே வேலை பார்த்த தொழிலாளர் குடும்பங்களின் நினைவுகளைப் பதிவு செய்வது ஒரு நல்ல இறுதியாண்டுத் திட்டமாக இருக்கும். அந்தத் தலைமுறைக்கு வயதாகிவிட்டது. தள்ளிப் போடாதீர்கள்.

மலைக்கு ஏறும்போது

ஏற்காட்டுக்கு எல்லா வகுப்பும் ஒருமுறை போகும். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏரியையும் பகோடா முனையையும் படம் எடுத்துக்கொண்டு திரும்பும். மே மாதக் கோடை விழா மலர்க் கண்காட்சிப் படங்கள் எல்லோரிடமும் இருக்கின்றன. நீங்கள் நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில் போங்கள், காப்பி பறிக்கும் பருவம் அது. பழம் பறிக்கும் பெண்கள் எத்தனை மணிக்கு வேலை தொடங்குகிறார்கள், கூலியை எடைக்குத் தருகிறார்களா, நாளுக்குத் தருகிறார்களா, எங்கே உலர்த்துகிறார்கள், யார் விலை நிர்ணயிக்கிறார்கள் என்று கேட்டாலே ஒரு முழுக் கட்டுரை கிடைக்கும். டவுனைத் தாண்டி நாகலூர், வாழவந்தி பக்கம் போனால் பள்ளிக்கூடம், மருத்துவமனை, பஸ் நேரம் என்று வேறு ஏற்காடு தெரியும்.

சில ஒழுங்குகள் உண்டு. காப்பித் தோட்டம் தனியார் நிலம், மேலாளரிடம் அனுமதி கேட்டுத்தான் நுழையவேண்டும். காப்புக்காட்டுக்குள் படம் எடுக்க வனத்துறை அனுமதி தேவை. மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போனால், வழிபடும் மக்களைக் காட்சிப் பொருளாக நடத்தாதீர்கள். ஊர்ப் பெரியவரிடம் வணக்கம் சொல்லி, எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று கேட்டுவிட்டு கேமராவைத் திறங்கள். ட்ரோன் பறக்கவிட ஆசைப்படுகிறவர்கள் 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளைப் படித்து, எங்கே பறக்கவிடலாம் என்று நிறத்தால் காட்டும் மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்க்கவேண்டும். ஓமலூர்ப் பக்கம் விமான நிலையம் இருப்பதால் இது வெறும் சம்பிரதாயம் அல்ல. ரயில் நிலையத்தில் படம் எடுக்கவும் ரயில்வே அனுமதி வேண்டும்.

சட்டத்தை முதல் நாளிலிருந்தே

ஊடகச் சட்டம் ஏதோ ஒரு பருவத்தில்தான் தாளாக வரும். நீங்களோ அதற்கு முன்பே செல்போனில் வீடியோ போடத் தொடங்கியிருப்பீர்கள். ஆகவே சிலவற்றை இப்போதே மனத்தில் நிறுத்துங்கள். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், படம், முகவரி, பள்ளி, குடும்பம் என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு அதைக் குற்றமாக்குகிறது. தெருப் பெயரையும் வகுப்பையும் சேர்த்துப் போட்டாலே ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பதை மறக்காதீர்கள். பாதிக்கப்பட்ட பெண்களுக்கும் சட்டத்தில் இதே பாதுகாப்பு உண்டு. அவதூறு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 356-ஆவது பிரிவாக இருக்கிறது. பழைய பாடக் குறிப்புகளில் இந்திய தண்டனைச் சட்டம் 499, 500 என்றுதான் இருக்கும், திருத்திக்கொள்ளுங்கள். அதேபோல 1867-ஆம் ஆண்டு அச்சகம், நூல்கள் பதிவுச் சட்டத்தின் இடத்தில் 2023-ஆம் ஆண்டின் புதிய சட்டம் வந்திருக்கிறது.

ஆவணம் படிக்கும் பழக்கம்

மாணவர்களின் எழுத்தில் நான் அதிகம் தேடுவதும் குறைவாகக் காண்பதும் ஆவணம். 2018-இல் சேலம்–சென்னை எட்டு வழிச் சாலைத் திட்டம் இந்த மாவட்டத்தையே உலுக்கியது. நிலம் எடுக்கும் அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் திட்டத்தைத் தொடர வழி திறந்து தீர்ப்பளித்தது. அந்தக் காலத்துச் செய்திகளையும் இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். போராட்டப் படங்கள் நினைவில் நிற்கும். எந்தச் சட்டப் பிரிவில் வழக்கு நின்றது, எதில் திரும்பியது என்பது தீர்ப்பில்தான் இருக்கும். தீர்ப்புகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

நீங்களே ஒரு ஆவணம் பெற, 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பொதுத் தகவல் அலுவலருக்கு வெள்ளைத் தாளில் எழுதி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பினால் போதும். 30 நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. ஏன், எதற்கு என்று கேட்காமல், இன்ன ஆண்டில் இன்ன பணிக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, பணி ஆணையின் நகல் தருக என்று கேளுங்கள். உங்கள் தெருச் சாக்கடைக்குக் கேட்டால்கூடப் பயிற்சிதான்.

உள்ளகப் பயிற்சியும் அதற்குப் பிறகும்

பெரும்பாலான பாடத்திட்டங்களில் ஒரு மாதப் பயிற்சி உண்டு. எல்லோரும் சென்னைத் தொலைக்காட்சிக்கே ஓடுவார்கள், அங்கே கூட்டத்தில் ஒருவராக நின்றுவிட்டு வருவார்கள். முதல் பயிற்சியைச் சேலத்திலேயே ஒரு நாளிதழ் அலுவலகத்தில் செய்யுங்கள். இங்கே பதிப்பு உள்ள நாளிதழ்கள் இருக்கின்றன. மாலை ஆறு மணிக்கு மேல் செய்தி குவியும்போது செய்தி மேசையில் உட்கார்ந்தால், தலைப்பை எப்படிச் சுருக்குகிறார்கள், பக்கத்தில் இடம் போதாதபோது கடைசிப் பத்தியை எப்படி வெட்டுகிறார்கள் என்பதைக் கண்ணால் பார்க்கலாம். முக்கியமான தகவலைக் கடைசியில் வைத்தால் என்ன ஆகும் என்பது அன்றைக்குப் புரிந்துவிடும். சென்னை அனுபவம் இரண்டாம் பயிற்சியாக இருக்கட்டும்.

பகுதிநேர நிருபராகச் சேரும்படி யாராவது அழைத்தால், சம்பளம் எவ்வளவு, செய்திக்கு இவ்வளவு என்றா, மாதத்துக்கா, போக்குவரத்துச் செலவு யாருடையது, விளம்பரம் பிடித்துத் தரவேண்டுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். விளம்பரமும் செய்தியும் ஒரே கையில் வந்தால் அந்தக் கை கட்டப்பட்டுவிடும். அடையாள அட்டைக்குப் பணம் கேட்கும் இடத்துக்குப் போகவே வேண்டாம்.

வேலை நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் மட்டும் இல்லை. சேலத்துத் துணிக்கடை, நகைக்கடை, மருத்துவமனை, கல்வி நிறுவனம் எல்லாவற்றுக்கும் இன்று வீடியோவும் எழுத்தும் தெரிந்த ஆள் தேவைப்படுகிறார்கள். வானொலிக் குரல் உள்ளவர்கள் அகில இந்திய வானொலியின் பகுதிநேர அறிவிப்பாளர் குரல் தேர்வைக் கவனித்து வாருங்கள். நமக்குப் பக்கத்தில் தர்மபுரியில் நிலையம் இருக்கிறது. கற்பிக்கும் ஆசை உள்ளவர்கள் எம்.ஏ. இறுதியாண்டிலேயே மக்கள் தொடர்பியல் மற்றும் இதழியல் பாடத்தில், கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கலாம். தமிழ்நாட்டு அளவில் செட் தேர்வும் உண்டு. மேற்படிப்புக்கு வெளியே போக விரும்பினால் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான முதுநிலை நுழைவுத் தேர்வை எழுதுங்கள். திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஊடகத் துறை இருக்கிறது.

எங்கே விண்ணப்பித்தாலும் உங்களைக் காட்டுவது நீங்கள் செய்த வேலைதான். ஆறாம் பருவத்தில் தேடத் தொடங்காமல் முதல் பருவத்திலிருந்தே ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். வெளிவந்த செய்தியின் நறுக்கு, தேதியோடு. புகைப்படங்களில் சிறந்த பத்து, ஒவ்வொன்றுக்கும் எங்கே எடுத்தது, யார் என்ற இரண்டு வரிக் குறிப்போடு. மூன்று நிமிடத்துக்கு மேல் போகாத வீடியோ இரண்டு, அதில் நீங்கள் செய்த வேலை என்ன என்ற விவரத்தோடு. குழுவாக எடுத்த குறும்படத்தில் ஒலிப்பதிவு மட்டும் செய்திருந்தால் ஒலிப்பதிவு என்றே எழுதுங்கள். நேர்முகத் தேர்வில் எதிரே உட்கார்ந்திருப்பவர் முதல் கேள்வியை அந்த இடத்தில்தான் கேட்பார்.